பூஞ்சையற்ற வளாகம்

அடையாறில் இருக்கும் கடல்வாழ் பூஞ்சை மருந்தாய்வு நிறுவனம், தன் கட்டடத்துக்குள் ஒரு பூஞ்சைகூட இல்லை என்று சான்றிதழ் வாங்க முடிவு செய்தது. அங்கே திட்ட உதவியாளராக இருந்த அபயாம்பாள் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு, அச்சுப்பிழை என்று நினைத்தாள். மறுபடியும் படித்தாள். பிழை இல்லை. இயக்குநரே கையெழுத்திட்டிருந்தார்.

அந்தச் சான்றிதழுக்குப் பொன்தரத் தூய்மைச் சான்று என்று பெயர். நாட்டிலுள்ள எல்லா அலுவலகக் கட்டடங்களுக்கும் சேர்த்து யாரோ நல்ல மனதோடு எழுதிய விதிகள். குடிநீர் சுத்தமாக இருக்க வேண்டும், படிக்கட்டில் வெற்றிலைக் கறை கூடாது, சுவர், கூரை, அலமாரி, பெட்டி, பாத்திரம் எதிலும் பூஞ்சை காணப்படலாகாது. சான்று பெற்றவர்களுக்கு வாசலில் வைக்கப் பித்தளைப் பலகை உண்டு. திங்கட்கிழமை குழு வருகிறது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் பூஞ்சை எதுவும் மிஞ்சக்கூடாது.

அந்த நிறுவனம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கடலுக்கடியில் பாறையில் ஒட்டி வாழும் கடற்பஞ்சு, பார்க்கச் செடி மாதிரி இருந்தாலும் விலங்குதான். அதற்குக் கண் இல்லை, பல் இல்லை, ஓடுவதற்குக் கால் இல்லை. ஆனாலும் பெரும்பாலான மீன்கள் அதைக் கடிப்பதில்லை. அதன் உடம்புக்குள் சில நுண்ணிய பூஞ்சைகள் குடியிருக்கின்றன. இருக்க இடம் கொடுத்த அந்த வாயில்லா உயிருக்காக அவை நஞ்சுகளைச் சுரந்து காவல் காக்கின்றன. ஆண்டவன் ஆதரவற்றவர்களுக்குத் துணை வைப்பதில் இப்படியெல்லாம் யோசித்திருக்கிறான். அந்த நஞ்சுகளில் ஏதாவது ஒன்று புற்றுநோய்க்கு மருந்தாகுமா என்று தேடுவதற்காகத்தான் நான்கு மாடிக் கட்டடமும், மூன்று கார்களும், ஒரு இயக்குநரும் ஏற்படுத்தப்பட்டிருந்தார்கள்.

தேடியதில் ஒன்று அகப்பட்டது. டாக்டர் அஸ்மத்துன்னிசா மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்துவந்த மஞ்சள் கடற்பஞ்சுக்குள் இருந்த வெள்ளைப் பூஞ்சை. மனம் வைத்தால் அதன்மேல் தேன் நிறத்தில் சொட்டுகள் திரளும். அந்தச் சொட்டு புற்றுநோய் செல்களைக் கொன்றது. பக்கத்தில் இருந்த நல்ல செல்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. அது மருந்தாக இன்னும் பல வருஷம் ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஆனால் அபயாம்பாள் தினமும் வரும் பேருந்து ராயப்பேட்டை அரசு மருத்துவமனை வழியாகத்தான் வரும். ஸ்கேன் உறைகளை மடியில் வைத்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம், 'ஆகட்டுமே' என்று மயிலாப்பூர் கற்பகாம்பாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பாள்.

அந்தப் பூஞ்சைக்கு நல்ல தண்ணீர் ஆகாது. பாலவாக்கத்தில் மொண்டுவந்த கடல்நீர்தான் வேண்டும். வெயில் ஆகாது. குளிர்பெட்டியும் ஆகாது. இந்த அதிகாரத்துக்காகவே டாக்டர் அதற்குத் துரை என்று பெயர் வைத்திருந்தார். கிள்ளி வேறு தட்டுகளில் வைத்த துண்டுகள் பிழைக்கவில்லை. வளராமல் உறங்கும் நிலையில் உறையவைத்திருந்த பிரதிகள் போன புயலில் மின்சாரம் போனபோது கெட்டுப்போயின. அன்று ஜெனரேட்டர் ஓடாமல் இல்லை. இயக்குநர் அறைக்கு ஓடியது. மறுபடி தேடிப் போனபோது அந்தப் பாறையில் அந்தக் கடற்பஞ்சே இல்லை. ஆக, துரை இந்த உலகத்தில் இருந்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரே ஒரு கண்ணாடித் தட்டில்.

டாக்டர் ஆய்வுக் கப்பலில் கடலுக்குப் போயிருந்தார். கிளம்பும்போது, "அபயா, ரெண்டு வாரம் போன் கிடைக்காது. துரைய உன்கிட்டதான் விட்டுட்டுப் போறேன்" என்றார். "நீங்க நிம்மதியா போயிட்டு வாங்கோ மேடம்" என்று அபயாம்பாள் சொல்லியிருந்தாள். வாக்கு என்று எடுத்துச் சொன்னால் அவ்வளவுதான்.

புதன்கிழமை கூட்டத்தில் அவள் கை தூக்கினாள்.

"சார், அப்போ நம்ம ஆராய்ச்சில இருக்கற பூஞ்சையெல்லாம்?"

இயக்குநர் பரத்வாஜ் புன்னகைத்தார். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"நல்ல கேள்வி. பூஞ்சையை ஆராய்கிற இடத்தில் பூஞ்சை இருக்க வேண்டும் என்பது நம்மில் பலருக்கும் இருக்கும் பழைய சிந்தனை. நான் கேட்கிறேன், வானவியல் நிலையத்தில் நட்சத்திரத்தையா வைத்திருக்கிறார்கள்? நிறுவனம் என்பது பூஞ்சைகளை விடப் பெரியது. பூஞ்சை இன்றைக்கு வரும், நாளைக்குப் போகும். நிறுவனம் இருக்கும். நான் இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது. இதுவரை எந்தப் பூஞ்சையையும் நேரில் பார்த்ததில்லை. அதனால் என் பணி எங்காவது தடைப்பட்டிருக்கிறதா?"

எல்லோரும் கை தட்டினார்கள்.

நிர்வாக அதிகாரி சுரேஷ்குமார் செயலில் இறங்கினார். அவர் கெட்டவர் இல்லை. ஒரு வேலையைக் கொடுத்தால் அதை முழுமையாகச் செய்பவர், அவ்வளவுதான். காளான் ஒருவகைப் பூஞ்சை என்று யாரோ சொன்னதும் உணவகத்தில் காளான் பிரியாணி நின்றது. ஈஸ்ட்டும் பூஞ்சைதான் என்று தெரிந்ததும் ரொட்டி போயிற்று. புளித்த மாவில் என்னென்ன இருக்கிறது என்று நூலகத்தில் பார்த்துவிட்டு இட்லி, தோசையையும் நிறுத்தினார். தயிரைப் பற்றி ஒரு அவசரக் கூட்டம் நடந்தது. அது பாக்டீரியாவின் வேலை என்று விஞ்ஞானிகள் எழுதிக் கொடுத்தபிறகு அனுமதித்தார். அந்த வாரம் முழுவதும் அடையாறின் தலைசிறந்த உயிரியல் அறிஞர்கள் காலையும் மாலையும் உப்புமா தின்றார்கள்.

பொடுகிலும் பூஞ்சைக்குப் பங்கு உண்டு என்பது வியாழக்கிழமை தெரியவந்தது. பொடுகு உள்ளவர்கள் குழு வரும் நாளில் விடுப்பு எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. இயக்குநருக்கு வழுக்கை என்பதால் அவருக்குச் சிக்கல் எழவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எல்லாத் தட்டுகளையும் கொதிநீராவிப் பாத்திரத்தில் போட்டு அவிக்க ஆரம்பித்தார்கள். ஆய்வகம் ஆய்வகமாகச் சக்கரவண்டி வந்தது. பத்து வருஷம், பதினைந்து வருஷம் வளர்த்தவை போயின. ஒரு மூத்த விஞ்ஞானி தன் தட்டுகளைக் கொடுத்துவிட்டுக் கைகழுவும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சக்கரவண்டியின் கிறீச்சொலி அபயாம்பாளின் தாழ்வாரத்துக்கு வந்தது. பக்கத்து அறைக் கதவு திறந்தது. மூடியது.

அவள் தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்த எலுமிச்சை சாதத்தைக் கொட்டிக் கழுவித் துடைத்தாள். சுற்றிலும் நாடா ஒட்டி மூடிய துரையின் தட்டை ஈரத்துணியில் சுற்றி அதற்குள் வைத்தாள். வண்டி தன் கதவருகே வந்தபோது அவள் பின்படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

வாசலில் காவலாளி கபாலி பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். டப்பாவைத் திறந்தார். ஈரத்துணியை விலக்கினார்.

"இன்னாமா இது?"

"அப்... அப்பளம்."

"அப்பளத்து மேல பஞ்சு மொளச்சிகினு கீது."

அபயாம்பாள் துணியை இழுத்து மூடப் பார்த்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். பின்னால் சுரேஷ்குமார் வண்டிக்காரர்களை விரட்டும் குரல் கேட்டது. கபாலி மேலே பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், மூடினார்.

"பூஞ்ச உள்ள போவுதான்னுதான் பாக்க சொல்லிக்கீறாங்க. வெளிய போறத பத்தி ஆர்டர்ல ஒண்ணியும் காணோம். போ கண்ணு. வெயில்ல காட்டாத."

வெளியே அக்னி நட்சத்திரம். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் எங்கே போவது என்று தெரியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. வேறு ஆய்வகங்களில் இருந்த தோழிகள் இருவரைக் கூப்பிட்டாள். உயிருள்ள எதையும் உள்ளே எடுக்கத் தங்கள் ஆய்வகக் குழுவின் அனுமதி வேண்டும், அது ஆடி மாதம்தான் கூடும் என்றார்கள். மயிலாப்பூரில் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, ஆத்துல இப்போ ரொம்ப சூடா இருக்கா?"

"அரிசியக் களைஞ்சு மொட்டை மாடில வச்சா சாதமாயிடும்டி. நான் ஈரத்துண்டைப் போத்திண்டு உக்காந்துண்டிருக்கேன். ஏன் கேக்கறே?"

"ஒண்ணுமில்லேம்மா."

டப்பா சூடாகிக்கொண்டிருந்தது. தியாகராய நகரில் நெரிசலில் ஆட்டோ நின்றது. ஒரு பட்டுக்கடையின் கண்ணாடிக் கதவு திறந்து மூட, உள்ளிருந்து குளிர்காற்று முகத்தில் அடித்தது. அபயாம்பாள் இறங்கி உள்ளே போனாள்.

பட்டுச்சேலை வேண்டும் என்றாள். பாயில் உட்காரவைத்துக் காட்டினார்கள். மாம்பழ நிறம் வந்தது, மயில்கழுத்து வந்தது. இன்னும் காட்டுங்கோ என்றாள். ஒன்றையும் வாங்கும் சக்தி அவளுக்கு இல்லை. விரித்த சேலைகள் முழங்கால் உயரத்துக்கு மலையாகக் குவிந்தன. மடியில் டப்பா மெல்லக் குளிர்ந்தது. அவள் கண் சேலையைப் பார்க்கவில்லை, குளிர்காற்று வரும் திசையைப் பார்த்தது. கை டப்பாவை விடவே இல்லை. தளமேற்பார்வை பார்க்கும் சந்திரிகாவுக்கு இருபது வருஷ அனுபவம்.

"எழுந்திரிங்கம்மா. மடியில என்ன?"

"சாப்பாட்டு டப்பா."

"தொறங்க. மடிச்சா ஒரு சேல அதுல அடங்கும். எத்தன பேரப் பாத்திருக்கோம்."

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அபயாம்பாள் டப்பாவைத் திறந்தாள். ஈரத்துணியை விலக்கிய சந்திரிகா வாய்விட்டுக் கத்தினாள்.

"அம்மா! பூசணம்! பட்டுக்கு நடுவுல பூசணத்தக் கொண்டாந்திருக்கா!"

திருட்டென்று சொல்லியிருந்தால்கூடக் கடை அப்படி அதிர்ந்திருக்காது. ஒரு பொட்டுப் பூசணம் பட்டால் ஒரு அலமாரிப் பட்டும் போகும். அதற்குப் பயந்தே ஒவ்வொரு அடுக்கிலும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் வைத்திருந்தார்கள். விற்பனைப் பெண்கள் சேலைகளை அள்ளிக்கொண்டு விலகினார்கள். கடைப் பையன் ஒருவன் அவள் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கிக் கதவை நோக்கிப் போனான். கதவுக்கு வெளியே தார்ச்சாலை கொதித்தது.

"போடாதேங்கோ! உயிரோட இருக்கு!" அபயாம்பாள் பின்னாலேயே ஓடினாள்.

கல்லாவுக்குப் பின்னாலிருந்து கடை உரிமையாளர் தங்கபுஷ்பம் எழுந்து வந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இந்தக் கடையை நடத்துபவர். நெற்றியில் திருநீறு.

"எல, நில்லு. அத இங்க கொண்டா." டப்பாவை வாங்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். "என்னன்னு சொல்லு தாயி. மெதுவாச் சொல்லு."

அபயாம்பாள் சொன்னாள். கடற்பஞ்சு, தேன்சொட்டு, சான்றிதழ், உப்புமா எல்லாம் முன்பின்னாக வந்தன. தங்கபுஷ்பத்துக்குப் பாதிக்குமேல் விளங்கியிருக்காது. சான்றிதழ் விஷயம் அபயாம்பாளுக்கே விளங்கியிருக்கவில்லை.

"பூசணத்தப் படிக்கிற எடத்துல பூசணம் இருக்கப்படாதுன்னுட்டாங்களா?"

"ஆமாம்மா."

"வெளிய கொண்டுபோனா இது செத்துப் போகுமா?"

"போயிடும்மா."

தங்கபுஷ்பம் கூரைவரை அடுக்கியிருந்த பட்டைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார்.

"எங்க போகன்னு தெரியாம வந்த ஒண்ண வெயில்ல தள்ளிட்டு நான் சாயங்காலம் எப்படி வெளக்கேத்துவேன்? மூடி இறுக்கமா இருக்குல்லா? சந்திரிகா, என் ரூம்ல அந்த கண்ணாடிப் பெட்டியில இருக்க குத்துவெளக்க வெளிய எடு. உள்ள கெடக்க உறிஞ்சுற பொட்டலத்தையும் எடு. பாவம், ஈரம் வேணுமாம்லா."

சந்திரிகா முணுமுணுத்துக்கொண்டேதான் எடுத்தாள். ஆனால் பெட்டிக்குள் வைக்க ஒரு கிண்ணம் தண்ணீரையும் அவளே கொண்டுவந்தாள்.

திங்கட்கிழமை குழு வந்தது. நிறுவனமே நிமிர்ந்து நின்றது. தலைவர் வெள்ளைக் கைக்குட்டையால் சுவர்களைத் துடைத்துப் பார்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

"இங்கே எதை ஆராய்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"கடல்வாழ் பூஞ்சைகளை, ஐயா" என்றார் பரத்வாஜ்.

"எங்கே இருக்கின்றன?"

"எங்கேயும் இல்லை, ஐயா."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் குரல் தழுதழுத்தது.

"பல நிறுவனங்களுக்குப் போயிருக்கிறேன். மருத்துவமனைக்குப் போனால் அங்கே நோயாளிகள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போனால் சுவரில் கிறுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தங்கள் வேலையே தங்கள் தூய்மையைக் கெடுக்க விட்டுவிடுகிறார்கள். அந்தப் பலவீனத்தை முழுமையாக வென்ற ஒரு நிறுவனத்தை இன்றுதான் பார்க்கிறேன்."

அந்த நேரம் பார்த்து அபயாம்பாளின் போன் அதிர்ந்தது. சுரேஷ்குமார் முறைத்தார். அவள் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"தாயி, நான் தங்கபுஷ்பம் பேசுதேன். கரெண்டு போயிட்டும்மா. தெரு முழுக்க இல்ல. சாயங்காலம்தான் வருமாம். ரூம் சூடாகுது. ஜெனரேட்டர் இருக்கு, ஆனா கடை ஏசியும் லைட்டும் ஓடினா ரூம் ஏசி இழுக்காது. ஒங்க துரை எவ்வளவு நேரம் தாங்குவாரு?"

"ரொம்ப தாங்காதும்மா. அம்மா, நான் உடனே..."

"யாரது பேசிண்டிருக்கறது?" என்று பரத்வாஜ் புன்னகையோடு கேட்டார்.

அதற்குள் இணைப்பு அறுந்துபோனது. மறுபடி அழைத்தாள். கிடைக்கவில்லை. குழு தேநீர் குடித்தது. குழு படம் எடுத்துக்கொண்டது. படத்தில் அபயாம்பாளையும் நிற்கவைத்தார்கள். எல்லா முகமும் சிரிக்க, அவள் மட்டும் கற்பகாம்பாளின் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பது அந்தப் படத்தில் இன்றைக்கும் தெரியும். பொன்தரம் அறிவிக்கப்பட்டது. கை தட்டல் முடிவதற்குள் அவள் வாசலைத் தாண்டி ஓடினாள்.

தியாகராய நகரில் பட்டுக்கடை இருட்டாக இருந்தது. கதவைத் தள்ளினாள். உள்ளே அனல். விற்பனைப் பெண்கள் அட்டைப்பெட்டி மூடிகளால் விசிறிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலருகே இரண்டு கல்யாண வீட்டுக்காரர்கள் கைவிளக்கு வெளிச்சத்தில் சேலை பார்த்துக்கொண்டு மோர் குடித்தார்கள். கடைப்பின்னால் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"வா," என்றாள் சந்திரிகா. அவள் முகத்தில் வியர்வை வழிந்தது. "எல்லாத்தையும் நிறுத்திட்டு உன் துரைக்கு மட்டும் ஏசி போட்டிருக்காங்க. நான் எவ்வளவோ சொன்னேன், கேக்கல."

சிறிய அறைக்குள் குளிர்ந்திருந்தது. தங்கபுஷ்பம் அங்கே உட்காரவில்லை. கதவைத் திறந்தால் குளிர் போய்விடும் என்று வெளியே முக்காலியில் இருந்தார். அபயாம்பாள் கண்ணாடிப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். வெள்ளைப் பரப்பின்மேல் தேன் நிறத்தில் ஒரு சொட்டு. அதன் பக்கத்தில் இன்னொன்று.

சூடும் குளிரும் மாறி மாறி வந்தது காரணமாக இருக்கலாம் என்று பின்னால் டாக்டர் சொன்னார். இருக்கலாம். அபயாம்பாள் அன்று காரணம் தேடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் அஸ்மத்துன்னிசா அந்த வாரக் கடைசியில் கப்பலிலிருந்து நேரே நிறுவனத்துக்கு வந்து இறங்கினார். கடல்நீர்ப் பெட்டியில் புதுக் கடற்பஞ்சுகள். வாசலில் பித்தளைப் பலகை பளபளத்தது. அபயாம்பாள் எதிரே ஓடிவந்தாள்.

"துரை இருக்கானா? அதை மட்டும் சொல்லு."

"இருக்கான் மேடம். சொட்டு விட்டிருக்கான்."

டாக்டர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார். கபாலி தலையைச் சொறிந்தார்.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. இத்த உள்ள வுடக் கூடாது. பஞ்சுக்குள்ள பூஞ்ச கீதாமே."

டாக்டர் இயக்குநரைத் தொலைபேசியில் பிடித்தார். பரத்வாஜ் அன்போடு பேசினார். "வாங்கோ வாங்கோ, பெருமையா இருக்கு. ஆராய்ச்சி தாராளமா நடக்கட்டும். உங்க மேஜை, நாற்காலி எல்லாம் அப்படியே வச்சிருக்கோம். அந்தப் பொருள் மட்டும் வெளியில இருக்கட்டும்."

துரை எங்கே இருக்கிறான் என்று அபயாம்பாள் கபாலியிடம் முன்பே சொல்லியிருந்தாள். அவர் சாலைக்குப் போய் ஒரு ஆட்டோவை மறித்தார். பெட்டியை அவரே தூக்கி ஏற்றினார். "டி.நகர் பட்டுக்கடையாண்ட இவங்கள இட்டுகினு போ நைனா. மெதுவா ஓட்டு. உள்ள உசுரு கீது."

வைகாசி முகூர்த்தக் கூட்டம் கடையில் நெரிந்தது. பெட்டியிலிருந்து கடல்நீர் சொட்டித் தரையில் கோடிட்டது. விற்பனைப் பெண்கள் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுத் தங்கபுஷ்பத்தின் முகத்தைப் பார்த்தார்கள்.

"இதுக்குள்ளயும் பூசணமா?" என்று கேட்டார் தங்கபுஷ்பம்.

"ஆமாங்கம்மா," என்றார் டாக்டர். "நிறைய. வேற இடம் தேடிக்கறேன். இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..."

தங்கபுஷ்பம் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். மஞ்சளும் செம்மண் நிறமுமாக, கண்ணும் வாயும் இல்லாத உயிர்கள் தண்ணீரில் அசையாமல் இருந்தன. மூடியை மெல்லத் திரும்ப வைத்தார்.

"சந்திரிகா, முகூர்த்தப் பட்டெல்லாம் மாடிக்கு ஏத்திரு. என் ரூமுக்குப் பக்கத்து அலமாரிய ஒழிச்சுக் குடு."

"அம்மா, எத்தன நாளாகும்னு என்னால சொல்ல முடியல" என்றார் டாக்டர்.

"நான் கேக்கலையே" என்றார் தங்கபுஷ்பம்.